மெலிசு, நடு, கெட்டி

பட்டென்று ஒரு சத்தம். அடுத்த நொடி மைக்கில் "ஆ" என்று ஓர் அலறல்.

ராயபுரத்து மண்டபத்தில் ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றவர்கள்கூட மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். பாடிக்கொண்டிருந்த பக்தவச்சலம் இடது காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். பக்கத்தில் நின்ற ஷாலுவின் கிட்டாரிலிருந்து அறுந்த கம்பி ஒன்று சுருண்டு தொங்கி, கலர் விளக்கில் மினுக்கிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு நடுவில் அவள் பக்கம் வந்து தோளைச் சாய்த்து ஒரு போஸ் கொடுப்பது பக்தவச்சலத்தின் வழக்கம். அன்றைக்கும் சாய்ந்தார். கம்பி அந்த நேரம் பார்த்து அறுந்து, காதில் சுளீரென்று ஒன்று போட்டுவிட்டது.

பாட்டு நிற்கவில்லை. டிரம்ஸ் ஓடியது, கீபோர்டு ஓடியது. ஷாலுவின் கையும் பழக்க தோஷத்தில் மிச்சமிருந்த ஐந்து கம்பிகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கம்பி போனது ஸ்பீக்கரில் துளிகூடத் தெரியவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் தோஸ்துகள் மட்டும் விசிலடித்து, பக்தவச்சலம் காதைப் பிடித்த காட்சியைப் போனில் எடுத்து, அவர் அடுத்த பாட்டை ஆரம்பிப்பதற்குள் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் பந்திக் கூடத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் காதில் வைத்துக்கொண்டு பக்தவச்சலம் அவளைக் கூப்பிட்டார்.

"இன்னாமே, கிட்டாரு வாசிக்கிறியா, பாறை ஒடைக்கிறியா?"

"வேணும்னு பண்ணலண்ணே."

"போன வாரம் ஒரு கம்பி. அதுக்கு முன்ன திருவொத்தியூர்ல ஒண்ணு. இன்னிக்கு என் காது. ஏப்ரல் பதினாலு உங்க ஏரியால ப்ரோகிராம் கீது, தெரியுமில்ல? அங்க ஒரு கம்பி அறுந்துச்சு, நீ அப்டியே கீழ எறங்கிப் போய் சேர்ல குந்திக்க. மேல ஏறவே வேணாம்."

ஷாலு தலையாட்டினாள்.

"அந்தக் கட்டையான பிக்கைத் தூக்கிப் போடு. மெலிசா ஒண்ணு வாங்கு. பொம்பள கைக்கு ஏத்தா மாதிரி."

கம்பியை மீட்ட விரலிடுக்கில் பிடிக்கிற அந்தச் சின்ன முக்கோணத் தகடு, அவள் குழுவில் சேர்ந்த அன்று அவரே கொடுத்ததுதான். அதை அவள் ஞாபகப்படுத்தவில்லை.

'பக்தா பீட்ஸ்' என்றால் வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும் தெரியாதவர்கள் குறைவு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்த நாள், எல்லாவற்றுக்கும் போவார்கள். இரண்டு வருடமாக அவர்களுடைய பேனரில் பக்தவச்சலத்தின் முகத்துக்குப் பக்கத்தில் ஷாலுதான் இருக்கிறாள், கிட்டாரைச் சாய்த்துப் பிடித்தபடி. கீழே 'வட சென்னையின் ஒரே லேடி கிட்டாரிஸ்ட்' என்று இருக்கும். அது உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை. பகலில் அவள் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் வேலை செய்கிறாள் என்பதையும் பேனர் சொல்லாது.

வியாசர்பாடியில்தான் அவள் வீடு, ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடி. அம்மா அன்புக்கரசி ரயில்வே யார்டில் பெட்டி கழுவும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவள். மகள் மேடையில் வாசிப்பதை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறாள். நிகழ்ச்சி எப்போதும் வேறு எங்காவது இருக்கும், இவளுக்கு ஷிஃப்ட் இருக்கும். இந்த முறை அம்பேத்கர் பிறந்த நாளுக்குத் தங்கள் மைதானத்திலேயே மேடை என்றதும் பிளாக் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். முன்வரிசையில் யார் யாருக்கு நாற்காலி பிடிப்பது என்பதில் இப்போதே இரண்டு பேரோடு பேச்சு வார்த்தை இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் மேடையை விட்டு இறங்கி வந்து அந்த நாற்காலிகளில் ஒன்றில் தானும் உட்காருவதை ஷாலுவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் மாதா கோவில் தெருவிலிருந்த ஜூடியின் கடைக்குப் போனாள். கடையில் ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, ஜெபமாலை. மறுபக்கம் கிட்டார், கீபோர்டு, சலங்கை வைத்த டாம்பரின். ஜூடிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவள் கடையையும் கோவில் பாட்டுக்குழுவில் பேஸ் கிட்டாரையும் பார்த்துக்கொள்கிறாள்.

"பிக்கு வேணும்கா."

"வாசிக்கவா, தொலைக்கவா? பாதிப் பேரு தொலைக்கத்தான் வாங்குறாங்கோ."

ஷாலு சிரித்துக்கொண்டே பழைய பிக்கை மேஜைமேல் வைத்தாள். ஜூடி அதை நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"இது இன்னாது, கேரம் ஸ்ட்ரைக்கரா? இத்த வெச்சு வாசிச்சா கம்பி அறுவாம மாலையா போடும்?"

"மெலிசா ஒண்ணு குடுக்கா."

"எடுத்ததும் மெலிசா? உன் ஸ்டைலு இன்னா, அத்த சொல்லு மொதல்ல."

"ஸ்டைலுன்னா?"

"தட்டுறியா, ஒவ்வொரு கம்பியா எடுக்குறியா? பாடுறவங்களுக்குப் பின்னாடி நிக்கிற வாசிப்பா, முன்னாடி வர்ற வாசிப்பா?"

"முன்னாடிதான்கா நிக்கிறேன். பேனர்ல பாத்திருப்பியே."

"நீ நிக்கிறத கேக்கல. உன் வாசிப்பு எங்க நிக்குது?"

ஜூடி ஒரு கிட்டாரை எடுத்துக் கொடுத்து, சின்ன ஆம்பிளிஃபையரில் ஒயரைச் சொருகினாள். கண்ணாடி டப்பாவிலிருந்து மூன்று பிக்குகளைக் கவிழ்த்தாள்: மெலிசு வெள்ளை, நடு பச்சை, கெட்டி கறுப்பு.

வெள்ளையால் தட்டியபோது ஃபேன் காற்றில் பேப்பர் படபடப்பது மாதிரி வந்தது. கம்பிச் சத்தத்தைவிட பிளாஸ்டிக் சத்தம் அதிகம். கறுப்பு, ஷட்டரை இழுத்து விட்ட மாதிரி ஒரே கொத்தாக இடித்தது. பச்சையில்தான் ஆறு கம்பியும் வரிசையில் நின்று தனித்தனியாகப் பேர் சொல்வது மாதிரி கேட்டது. ஷாலு மறுபடி வெள்ளைக்குப் போனாள், மறுபடி கறுப்புக்கு. தகடு மாறினால் கிட்டாரே மாறிவிடும் போலிருந்தது.

"மேடைல இந்த வித்தியாசம் எனக்குக் கேட்டதே இல்லியேக்கா. ஒரு வாட்டி பிக்கு தொலஞ்சு போயி, பழைய சிம் கார்டு அட்டைய வெட்டி வெச்சு வாசிச்சேன். அப்பகூட ஸ்பீக்கர்ல இதே சத்தம்தான் வந்துச்சு."

"உங்க சவுண்டுக்காரரு காதுல பஞ்சு வெச்சுகினு கீறாரோ இன்னாவோ." ஜூடி அவள் விரல்களைப் பிடித்துத் திருப்பினாள். "பாதி பிக்கு வெளிய நீட்டிகினு கீது. அதான் ஆழமா மாட்டி இழுக்குது. அரிசி மூக்கு அளவுதான் வெளிய தெரியணும். மூணையும் எடுத்துகினு போ. எது ஒட்டுதோ வெச்சுக்க, மத்தத தொலச்சுடு."

கிடங்கில் ஷாலுவின் வேலை சீல் பார்ப்பது. உள்ளே வருகிற ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் ஆணி மாதிரி ஒரு சீல் அடித்திருப்பார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு எழுதக் கூடாது. முழுப் பலத்தோடு இழுக்க வேண்டும், திருக வேண்டும். அசையாவிட்டால்தான் சரி. பார்வைக்கு நன்றாக இருந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும் சீலும் உண்டு. நாள் முழுக்க இழுத்துப் பழகிய மணிக்கட்டு, சாயங்காலம் கிட்டாரைத் தொடும்போதும் அப்படியே இழுக்கிறதோ என்று அவளுக்கு அந்த வாரம்தான் தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து, கிட்டார் இல்லாமலே, அரிசி மூக்கு அளவு பிக்கை நீட்டிக் காற்றில் தட்டிப் பார்த்தாள். டிரைவர்கள் கொசு அடிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த நிகழ்ச்சி முகத்துவாரக்குப்பத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. கழிமுகத்துக்குப் பக்கத்தில் மணலில் மேடை போட்டிருந்தார்கள். கீபோர்டு வாசிக்கும் பாரி, கட்டைகள் மேல் படிந்த சாம்பல் தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தான். பாரி அதிகம் பேச மாட்டான். யார் எந்தச் சுருதியில் தவறினாலும் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொள்வான் என்று குழுவில் அவனுக்குப் பேர்.

சவுண்ட் செட்டுக்காரர் மஜீது ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லி செக் பண்ணினார். ஷாலு மெலிசு பிக்கால் நான்கு தட்டு தட்டினாள். ஜூடியின் கடையில் கேட்ட அதே படபடப்பு ஸ்பீக்கரில் வந்தது. நடு பிக்கால் தட்டினாள், வேறு மாதிரி வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மஜீது கட்டை விரலை உயர்த்தினார்.

முதல் பாட்டை நடு பிக்கோடு ஆரம்பித்தாள். அவள் காலடியில் அவளைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்த ஸ்பீக்கரில் கிட்டார் வந்தது. வழக்கமாக வருகிற அதே கிட்டார். இரண்டாவது பாட்டுக்கு மெலிசு. அதே கிட்டார். மூன்றாவதுக்குக் கெட்டி எடுத்து, கம்பி போனால் போகட்டும் என்று ஓங்கித் தட்டினாள். மாற்றமே இல்லை. செக்கில் கேட்ட வித்தியாசம் பாட்டு ஆரம்பித்ததும் எங்கே போகிறது? கடல் காற்று என்று முதலில் நினைத்தாள். மஜீது ஏதோ பட்டனைத் திருகுகிறார் என்று நினைத்தாள். பிறகு எதுவும் நினைக்காமல், ஒரு வரியின் நடுவில் கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள்.

கிட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கையை வைத்தாள். மறுபடி எடுத்தாள். சீலை இழுத்துப் பார்ப்பது மாதிரி, இழுத்து, திருகி, திரும்ப ஒருமுறை. அதே அழுத்தம், அதே தாளம், ஒரு பிசிறு இல்லை. தலையைத் திருப்பினாள். பாரியின் இடது கை கீபோர்டின் ஓரத்தில் மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்திருந்தது. அந்தக் கை இடம் மாறும்போதெல்லாம் கீபோர்டிலிருந்து வந்த அந்தக் கிட்டாரும் மாறியது. பாரி நிமிர்ந்து பார்த்தான். அவள் கை அந்தரத்தில் இருப்பதைப் பார்த்தான். உடனே குனிந்துகொண்டான்.

மிச்சமிருந்த பாட்டுகளுக்கு ஷாலு கம்பிக்கு ஓர் அங்குலம் மேலே கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். குப்பத்துப் பையன்கள் மணலைக் கிளப்பி ஆடினார்கள். பூ ஜடையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் அவளைப் பார்த்துக் கையசைத்தாள். ஷாலுவும் பதிலுக்குக் கையசைத்தாள், கம்பிமேல் ஆட்டிக்கொண்டிருந்த அந்தக் கையாலேயே. கிட்டார் அப்போதும் நிற்கவில்லை.

பக்தவச்சலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். "இன்னிக்குச் சூப்பரு ஷாலு. பாத்தியா, மெலிசு பிக்கு போட்டதும் எவ்ளோ சாஃப்டா வருது? ஒரு கம்பி அறுந்துச்சா?"

"இல்லண்ணே."

"அதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு பிரியாணி எங்கே என்று கேட்கப் போனார்.

மஜீது மேடைக்குக் கீழே ஒயர்களை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஷாலு தன் ஒயரைக் கழற்றிக்கொண்டு போய் நீட்டினாள்.

"பாய், என் லைனை எப்ப மூடுவீங்க?"

"எந்த லைனு?"

"கிட்டாரு."

அவர் ஒயரை இன்னும் சில சுற்று சுற்றினார். "உனக்குத் தெரியும்னுதான்மா நெனச்சேன்."

"எப்பலேந்து?"

"நீ வந்ததுலேந்தே அப்டித்தான். செக்கு முடிஞ்சதும் உன் லைனைக் கீழ எறக்கிடணும்னு அண்ணன் சொல்லிகீறாரு. உன்கிட்டயும் பேசிட்டாருன்னு நெனச்சேன். நீ இன்னா சோக்கா ஆக்டிங் குடுக்குறன்னு எங்க பசங்ககிட்டகூட சொல்லிகினு இருப்பேன். கம்பிய அறுக்குற அளவுக்கு எவன் ஆக்டிங் குடுப்பான்?"

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

திரும்பும்போது வேன், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டது. பக்தவச்சலம் முன்சீட்டில் குறட்டை விட்டார். பாரி பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தான்.

"இன்னாத்துக்குக் கைய எடுத்த?" என்று கேட்டான்.

"பாக்கத்தான்."

"பாத்துட்டியா?"

"ம்."

"நீ என்னிக்காவது கேப்பன்னு நெனச்சுகினே இருந்தேன்."

"கேட்டா இன்னா சொல்றதா இருந்த?"

"அத்த யோசிக்கல" என்றான் பாரி. லாரி நகர்ந்தது.

குழுவிலிருந்து நின்றுவிடலாம். அது ஒரு வழி. பக்தவச்சலத்தின் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் மைதான வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது, அம்மா அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். அதைவிட, ஷாலுவை வேறொரு விஷயம் குடைந்தது. பக்தவச்சலம் எதனால் லைனை மூடச் சொன்னார்? அவள் வாசிப்பு நன்றாக இல்லாததாலா, அல்லது அதை அவர் கேட்டுப் பார்க்கவே இல்லையா? அவளுக்கே தெரியாது. மேடையில் அவள் வாசித்ததை அவளே ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் வேலை முடிந்து நேராக ஜூடியின் கடைக்குப் போய், ஆம்பிளிஃபையரில் வாசிக்க வேண்டும் என்றாள். குருத்தோலை ஞாயிறு நெருங்கியதால் கடையில் கூட்டம். ஜூடி போனில் ஒரு டிரம்ஸ் தாளத்தை ஓடவிட்டு, "இதோட வாசி, நான் வந்துடுறேன்" என்று மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுக்கப் போனாள். அங்கிருந்தபடியே காதைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தாளத்தை நிறுத்தினாள்.

"நீ லேட்டா வர."

"எங்க?"

"எல்லா எடத்துலயும். ஒரு நூல் பின்னாடி. பூசையில பதில் சொல்றா மாதிரி வாசிக்கிற. ஃபாதரு முடிச்சாத்தான் நீ ஆரம்பிக்கிற."

ஷாலுவுக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு வருடமாக அவள் பாரியின் இடது கையைத்தான் பின்தொடர்ந்து வாசித்திருக்கிறாள். ஸ்பீக்கரில் வந்த கிட்டாரைத் தன்னுடையது என்று நம்பி, அதன்மேல் போய் விழுந்திருக்கிறாள். ஜூடியிடம் சொன்னாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஜூடி சிரிக்கவில்லை.

"ரெண்டு வருசமாவா?"

"ஆமாக்கா."

"அப்போ ஸ்டைலு இன்னான்னு உன்னைக் கேட்டது என் தப்பு. ஃபாதரு இல்லாம மறுபடி வாசி."

அந்த வாரமும் அடுத்த வாரமும் சாயங்காலங்களில் அங்கேதான் இருந்தாள். கெட்டி பிக் கம்பிக்குள் மாட்டி அவளை இன்னும் தாமதமாக்கியது. அதைப் பைக்குள் போட்டுவிட்டாள். மெலிசு வசதியாக இருந்தது. அந்தப் படபடப்பில் தட்டு தாளத்துக்கு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்றே தெரியாது. எப்படி வாசித்தாலும் சுமாராக இருக்கும். நடு பிக் அப்படி விடவில்லை. ஒரு நூல் பிந்தினாலும் காட்டிக்கொடுத்தது.

"மெலிசே வெச்சுக்கயேன். தப்பு வெளிய தெரியாது" என்றாள் ஜூடி. "உங்க அண்ணனும் அதான சொன்னாரு?"

"தெரிஞ்சா தெரியட்டும்கா."

ஜூடி தோளைக் குலுக்கிவிட்டு வெள்ளையையும் கறுப்பையும் டப்பாவில் திரும்பப் போட்டுக்கொண்டாள். பச்சை ஷாலுவின் கையில் இருந்தது. அதன் முனையில் தேய்ந்து ஒரு சின்ன வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

பதினாலாம் தேதி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "நல்லா சத்தமா வாசி. பின்னாடி கீறவங்களுக்கும் கேக்கணும். நாலாவது மாடி அம்சா, அந்தப் பொண்ணா வாசிக்குது, சொம்மா கைய ஆட்டுதுன்னு சொல்லிகினு கீறா. அவ வாய மூடணும்."

"யாரு சொன்னா?"

"அம்சாதான். அவளுக்கு வேற வேலை இன்னா?"

ஷாலு செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

மைதானம் முழுக்க நீலக் கொடி. மாலை அணிவிப்பு, பேச்சு எல்லாம் முடிந்து வெயில் சாய்ந்த பிறகு குழு மேடையேறியது. செக் நடந்தது. ஷாலு தட்டினாள், மஜீது கட்டை விரலை உயர்த்தினார். ஷாலு கிட்டாரைக் கழற்றாமலே மேடையிலிருந்து இறங்கி அவர் மேஜைக்குப் போனாள்.

"பாய், இன்னிக்கு என் லைனு வேணும்."

"நான் தொறந்தா அண்ணன் என்னைக் கிழிச்சுத் தொங்க வுட்டுருவாரு."

"நீங்க தொறக்க வேணாம் பாய். இப்ப தொறந்துதான கீது? மூட மறந்துடுங்க."

மஜீது மேஜையிலிருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "கொதிக்குது" என்றார். அவ்வளவுதான்.

அடுத்து பாரி. "துறைமுகப் பாட்டு ஆரம்பத்துல கிட்டாரு மட்டும் வரும் இல்ல, அத்த நான் வாசிக்கிறேன்" என்றாள். அது பக்தவச்சலமே மெட்டுப் போட்டு, கிரேன் ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுதிய பாட்டு. எங்கே போனாலும் கடைசிக்கு முன் அதைப் பாடுவார். கிட்டார் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடும், பிறகுதான் மற்றதெல்லாம் சேரும்.

"ஒரு பட்டன்தான்" என்றான் பாரி, கீபோர்டில் எரிந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பச்சை விளக்கைக் காட்டி. "அமுக்கினா கிட்டாரு நின்னுடும்."

"அமுக்குவியா?"

"மஜீது பாய் மூடிட்டாருன்னா?"

அது ஷாலுவும் யோசித்ததுதான். பாரி நிறுத்தி, மஜீது மூடிவிட்டால், மொத்த மைதானத்துக்கும் முன்னால் சத்தமே வராமல் அவள் கையாட்டிக்கொண்டு நிற்பாள். நாலாவது மாடி அம்சாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். மஜீது திறந்து வைத்து, பாரி நிறுத்தாவிட்டால் இரண்டு கிட்டாரும் மோதிக்கொண்டு பாட்டே குப்பையாகும். இரண்டு பேரும் செய்ய வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவரிடம் கேட்டு உறுதிசெய்ய நேரமில்லை. பக்தவச்சலம் மைக்கைத் தட்டி, "வணக்கம் வியாசர்பாடி" என்று ஆரம்பித்துவிட்டார்.

முதல் பாட்டுகளில் பாரியின் கிட்டார்தான் ஓங்கி வந்தது. ஷாலு கம்பியைத் தொடவே இல்லை. லைன் திறந்திருந்தால் மோதும், அதனால். மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. கையை மட்டும் ஆட்டினாள். முன்வரிசையில் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அம்சா. அம்சா பாட்டைக் கேட்கவில்லை, ஷாலுவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுகப் பாட்டு வந்தது. பக்தவச்சலம் ஒரு கையை உயர்த்தி, கூட்டம் அடங்கக் காத்திருந்தார். ஷாலு பிக்கை விரலுக்குள் இழுத்து, அரிசி மூக்கு அளவு மட்டும் வெளியே விட்டாள். பக்கவாட்டில் பார்த்தாள். பாரியின் இரண்டு கையும் மடியில் இருந்தன. பச்சை விளக்கு அணைந்திருந்தது.

மஜீதின் மேஜை கூட்டத்துக்கு அப்பால், இருட்டில். ஒன்றும் தெரியவில்லை.

பக்தவச்சலத்தின் கை இறங்கியது. பின்தொடர எதுவும் இல்லை. ஷாலு தட்டினாள்.

ஆறு கம்பியும் தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாக, மைதானத்தின் மறுகோடிவரை போய் ஹவுசிங் போர்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்தன. முதல் தட்டு கொஞ்சம் பலமாகிவிட்டது. இரண்டாவதைக் குறைத்தாள். நடுவில் ஓர் இடத்தில் ஒரு நூல் பிந்தியது, அவளுக்கே கேட்டது, அடுத்த தட்டில் பிடித்துக்கொண்டாள். பக்தவச்சலம் பாடத் தொடங்கும் முன் ஒரு கணம் தலையைச் சாய்த்து ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். டிரம்ஸ் சேர்ந்தது. பாரி வலது கையால் மட்டும் வாசித்தான். முதல் முறையாக அவன் அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். நாலாவது மாடி அம்சா அம்மாவின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள். அம்மா திரும்பவே இல்லை.

பாட்டு முடிந்தது. ஒரு கம்பியும் அறுந்திருக்கவில்லை. பின்னால் சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள்வரை விசிலடித்தார்கள். பக்தவச்சலம் கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு, துண்டை எடுக்க ஷாலுவைத் தாண்டி வந்தார். முகத்தைத் துடைத்தார், மைக்கைக் கீழே தாழ்த்திக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து சொன்னார்:

"டேய் பாரி, இந்தக் கிட்டாரு டோனு சோக்கா கீதுடா. இனிமே இதையே வெச்சுக்க."